பழமரங்களின் பசுங்கணிக ஒப்பீடு: மரம் சொல்வது எது, நம் பிழை எது

மலேசியாவின் பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கும் ஒத்துவராத மேட்டு நிலங்களில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் நிற்கின்றன. அந்த மரங்களின் இலையைப் பறித்து, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) மரபணுத்தொகுதியை வகைக்கு வகை ஒப்பிட்டுப் பார்ப்பது சில ஆண்டுகளாக என் வேலை. இலை இங்கே கிடைக்கிறது, ஆய்வுக்கூடம் வெளியூரில் இருக்கிறது, கணினியோடு மல்லுக்கட்டுவது வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. இத்தனை நாளில் எனக்குத் தென்பட்ட "வேறுபாடு"களில் பெரும்பாலானவை மரத்துடையவை அல்ல, என்னுடையவை. எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே தோண்ட வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

அடிப்படையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பசுங்கணிகத்தின் மரபணுத்தொகுதியை ஒரு வளையமாக எழுதுவது வழக்கம். 1986இல் புகையிலைக்கும் ஈரல்பாசிக்கும் அதன் எழுத்து வரிசையை (ஏ, டி, ஜி, சி) முதன்முதலாக முழுமையாகப் படித்தார்கள். மாமரத்துக்கு ஏறத்தாழ 157,000 எழுத்து, ரம்புத்தானுக்கு 161,000, டுரியானுக்கு 164,000. வளையத்தில் நான்கு பகுதிகள்: பெரிய தனிப்பகுதி, சிறிய தனிப்பகுதி, இவ்விரண்டுக்கும் நடுவே இருபுறமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கும் இரட்டைப்பகுதிகள். கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு அந்த இரட்டையர்தான் காரணம்.

டி.என்.ஏ. பழுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வருகிறது

முற்றிய இலையைப் பறித்திருக்கிறீர்கள். விரிந்து சில நாள்களே ஆன இளம் இலை வேண்டும். பறித்த கிளையை ஒன்றிரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையிலுள்ள மாவுச்சத்து குறையும். பலாவும் செம்பெடாக்கும் கிள்ளிய இடத்திலேயே பால் வடிக்கும். பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்கு அது காய்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில் பி.வி.பி. தூளும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பின் செறிவை வழக்கமான 1.4 மோலாரிலிருந்து 2 மோலாருக்கு மேல் உயர்த்தினால் கூழ் போன்ற சர்க்கரைப் பொருள்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வருவது குறையும். ஒளி அளவீட்டில் (260, 280 நானோமீட்டர் ஒளியை மாதிரி உறிஞ்சும் அளவுகளின்) 260/280 விகிதம் 1.8 என்று வந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். 260/230 விகிதத்தையும் பாருங்கள். அது 2ஐ ஒட்டி இல்லாமல் 1க்குக் கீழே கிடந்தால் சர்க்கரையும் பீனாலும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்று: மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாஸ்டிக் பையில் கிடக்கும் இலை அவிந்துபோகும். பையில் ஒரு பிடி சிலிக்கா மணி போட்டுக்கொண்டு போங்கள்.

வளையம் மூடவில்லை, துண்டு துண்டாக நிற்கிறது

ஆய்வுக்கூடம் டி.என்.ஏ.வைத் துணுக்கு துணுக்காகப் படித்துத் தருகிறது; அவற்றைக் கோத்து வளையமாக்குவது கணினி நிரல். அந்த நிரலைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கையில் 100 கோடி எழுத்துத் தரவு இருக்கிறது, அதில் பசுங்கணிகத்தின் பங்கு 8 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 8 கோடியை 160,000ஆல் வகுத்தால் 500. வளையத்தின் ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக 500 முறை படிக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் ஆழம் என்கிறோம். ஆழம் 500 இருந்தும் வளையம் மூடவில்லை என்றால் தரவு போதாமல் இல்லை, அமைப்பில்தான் கோளாறு. 30, 40 என்று வந்தால் இன்னொரு முறை படிக்கச் சொல்லிப் பணம் கட்டுவதைத் தவிர வழியில்லை.

கெட்ஆர்கனெல் என்ற கோக்கும் நிரலில் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். படித்த துணுக்கு 150 எழுத்து நீளமாக இருந்தால் கே-மர் (கோக்கும்போது துணுக்குகளை நறுக்கும் நீளம்) பட்டியலின் பெரிய எண்ணை 115 வரை கொண்டுபோகலாம். ஏ-வும் டி-யும் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் சிறிய கே-மர் குழம்பிவிடும். நோவோபிளாஸ்டி என்ற இன்னொரு நிரலில் சிக்கல் பெரும்பாலும், கோக்கத் தொடங்குவதற்குக் கொடுக்கும் விதைத் தொடரில் இருக்கும். தொலைவுச் செடியின் மரபணுவை விதையாகக் கொடுத்திருந்தால் அதே இனத்தின் துண்டு ஒன்றைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். தரவு மிக அதிகமாக இருந்தாலும் கோவை (துணுக்குகளைக் கோக்கும் வேலை) கெடும், ஏனென்றால் ஆழம் கூடும்போது பிழைத் துணுக்குகளும் கூட்டம் சேர்த்துக்கொள்கின்றன. ஆழம் 500ஐ ஒட்டி வரும்படி குறைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் ஊரில் பிற்பகல் இடிமழைக்கு மின்சாரம் போவது புதிதல்ல. ஆறு மணி நேரக் கோவை ஐந்தாவது மணியில் அறுந்தால் கிடைத்த துண்டுகளை வைத்து ஒப்பேற்றாதீர்கள். முழுதாக அழித்துவிட்டு இரவில் ஓட்டுங்கள்.

வளையம் மூடியது, ஆனால் 25,000 எழுத்து குறைகிறது

160,000 வரவேண்டிய இடத்தில் 135,000 வந்திருக்கிறது. "இந்த வகையில் ஒரு பெரும்பகுதியே அழிந்துவிட்டது" என்று எழுதக் கை துடிக்கும். எழுதாதீர்கள். குறைந்திருக்கும் நீளத்தை உங்கள் இனத்தின் இரட்டைப்பகுதி ஒன்றின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரட்டையரில் ஒருவரை நிரல் விழுங்கிவிட்டது. இருவரும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருப்பதால் அதன் கண்ணுக்கு ஒருவராகவே தெரிகிறார்கள்.

படித்த துணுக்குகளை அந்தக் குட்டை வளையத்தின் மேலேயே பொருத்தி ஆழத்தைப் பாருங்கள். எங்கும் 400 இருக்க, 25,000 எழுத்து நீளத்துக்கு மட்டும் 800 என்று மேடு தட்டியிருக்கும். அந்த மேடுதான் காணாமற்போனவர் நிற்கும் இடம். பேண்டேஜ் நிரலில் படமாகத் திறந்தால் இரண்டு வளையங்களை ஒரு கழி இணைப்பதுபோலத் தெரியும். கழி இரட்டைப்பகுதி, வளையங்கள் தனிப்பகுதிகள். பெரிய வளையத்தில் தொடங்கி, கழி வழியாகச் சென்று, சிறிய வளையத்தைச் சுற்றி, அதே கழி வழியாகத் திரும்பி வந்தால் முழு மாலை கிடைக்கும். திரும்பும்போது கழியை எதிர்நிரப்பியாக (பின்னிருந்து முன்னாக, ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று மாற்றி) எழுத வேண்டும். அவசரத்தில் இதை மறக்காதவர் குறைவு.

இரட்டைப்பகுதியை உண்மையாகவே இழந்த செடிகளும் உண்டு. பட்டாணி, கொண்டைக்கடலைக் கூட்டம் அப்படித்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது டுரியான்.

முதல் எழுத்திலிருந்தே எதுவும் பொருந்தவில்லை

வளையத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நிரல் தான் விரும்பிய இடத்தில் அதை வெட்டிக் கோப்பாக்கியிருக்கிறது. எல்லா மாதிரிகளையும் பெரிய தனிப்பகுதியின் தொடக்கத்தில், பிஎஸ்பிஏ மரபணுவுக்குப் பக்கத்திலுள்ள எல்லையிலிருந்து தொடங்கும்படி சுழற்றி, ஒரே திசையில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. சிலர் இதைச் செய்யாமலே, தொடர்களை ஒன்றோடொன்று பொருத்தும் மாஃப்ட் நிரலில் போட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் காத்திருக்கிறார்கள்.

ஒரு வகையில் 20,000 எழுத்து தலைகீழாகக் கிடக்கிறது

இந்தக் குழியில் நானே விழுந்திருக்கிறேன். மஞ்சள் ரம்புத்தான் ஆர்156, சிவப்பு ரம்புத்தான் ஆர்191 ஆகிய இரண்டின் வளையங்களையும் புள்ளிப்படத்தில் (இரு தொடர்களும் ஒத்துப்போகும் இடங்களைப் புள்ளியாகக் காட்டும் படம்) எதிரெதிரே வைத்தேன். நேர்கோடாக ஓடவேண்டிய கோடு ஓரிடத்தில் முறிந்து எதிர்த்திசையில் சரிந்தது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அமைப்பிலேயே வேறுபாடு! அன்றிரவு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. தலைக்கனம் ஏறும் நாள்களில் திறந்து படிக்கிறேன்.

திரும்பியிருந்தது சிறிய தனிப்பகுதி. பசுங்கணிக டி.என்.ஏ. இரண்டு திசைகளிலும் ஒரே செடிக்குள் ஒருங்கே இருக்கிறது என்று 1983இலேயே அவரைச் செடியைக் கொண்டு ஜெஃப்ரி பாமர் காட்டிவிட்டார். இரட்டைப்பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து மாறிக்கொள்ளும்போது நடுவிலிருக்கும் சிறிய பகுதி திரும்பிவிடுகிறது. ஒரே இலையில் பாதி வளையங்கள் இப்படியும் மற்றவை அப்படியும் இருக்கும். கெட்ஆர்கனெல் இரண்டு பாதைகளையும் இரண்டு கோப்புகளாகத் தருகிறது. நான் மஞ்சளுக்கு முதல் கோப்பையும் சிவப்புக்கு இரண்டாவதையும் எடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

எனவே திருப்பம் கண்ணில் பட்டால் முதலில் அதன் இரு முனைகளைப் பாருங்கள். இரண்டும் இரட்டைப்பகுதிகளின் எல்லையில் சரியாக உட்கார்ந்திருந்தால் அது மரபு வேறுபாடு அல்ல. ஒரு திசையைத் தேர்ந்து எல்லா மாதிரிகளையும் அதற்கு மாற்றிவிடுங்கள். தனிப்பகுதிக்கு உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் திருப்பம் என்றால் கவனிக்கத்தக்கது. உண்மையான திருப்பத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் ஊர் மரமே இருக்கிறது: ரப்பரின் பசுங்கணிகத்தில், மரவள்ளியோடு ஒப்பிட்டால், பெரிய தனிப்பகுதிக்குள் ஏறத்தாழ 30,000 எழுத்து திரும்பியிருக்கிறது. 1877இல் பக்கத்துக் கோலகங்சாரில் கன்றுகளை நட்டார்களே, அந்தக் குடும்பம்தான். அப்படியொன்று கிடைத்தால் இரு முனைகளையும் தாண்டிச் செல்லும் துணுக்குகள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். முனைக்கு இருபுறமும் முன்தொடர் (பிரைமர்) வடிவமைத்து பி.சி.ஆர். செய்து பாருங்கள். அதற்குப் பிறகு எழுதலாம்.

ஒரே இனத்தின் இரு வகைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான எழுத்து மாற்றங்கள்

பசுங்கணிகம் மெதுவாக மாறுவது. ஒரே இனத்துக்குள் நூற்றுக்கணக்கில் மாற்றம் வந்தால் முதலில் பெயரைச் சந்தேகியுங்கள். டுரியான் என்று கொடுத்தது டுரியோ சிபெத்தினஸ்தானா, அல்லது சபா சரவாக் பக்கத்து வேறொரு டுரியோ இனமா? உறை மாறிப்போனதா? ஒரே நாளில் பத்து மரத்தில் பறித்தவர் உறையை வீட்டுக்கு வந்து எழுதினாரா?

பெயர் சரியென்றால் ஆழத்துக்கு வாருங்கள். பசுங்கணிகத்திலிருந்து துண்டுகள் உட்கருவுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் காலங்காலமாகக் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றன. நெல்லின் 10ஆம் குரோமோசோமில் ஏறத்தாழ 131,000 எழுத்து நீளத்தில் ஒரே துண்டாகக் குடியேறியிருக்கிறது. போன இடத்தில் அவை தனியாக மாறிக்கொண்டே இருக்கும். துணுக்குகளைப் பொருத்தும்போது அந்த அகதிகளும் வந்து வரிசையில் நின்றுகொள்கின்றன.

ஓரிடத்தில் 400 துணுக்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 388 ஜி என்கின்றன, 12 ஏ என்கின்றன. அந்த 12 உட்கருவிலிருந்தோ மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தோ வந்தவை. அல்லது ஒரே ஓட்டத்தில் படித்த பக்கத்து மாதிரியிலிருந்து கசிந்தவை. 398 அல்லது 400 துணுக்குகள் ஒருமுகமாக ஏ என்றால் அது மாற்றம். இரண்டுக்கும் நடுவில் 260க்கு 140 என்று தொங்கினால் அங்கே பெரும்பாலும் இரண்டு மரத்தின் இலை கலந்திருக்கும். மாற்றங்களைப் பட்டியலிடும் நிரலை விலங்குகளுக்கு வைப்பதுபோல இருமடிய அமைப்பில் (ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படி என்று) ஓட்டினால், இப்படித் தொங்குபவற்றைக் கலப்பின இடங்கள் என்று அழகாகப் பெயர் சூட்டி உங்களிடம் நீட்டும். ஒருமடியம் என்று மாற்றுங்கள்.

ஏ-க்கள் பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக நிற்கும் இடங்களில் ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் நான் அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நானோபோர் கருவி படித்த தரவில் அதை நம்பவே முடியாது, இல்லுமினா கருவியிலும் பி.சி.ஆர். வழுக்கல் உண்டு. நுண்தொடர்களை (சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) எண்ணி "இந்த வகையில் 78, அந்த வகையில் 81" என்று ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்த ஏ-வரிசைகளைத்தான் எண்ணுகிறார்கள். அவற்றை எண்ணும் மிசா நிரலில் குறைந்த அளவை 10இலிருந்து 8ஆக மாற்றினாலே எண்ணிக்கை எகிறிவிடும். யாருடைய எண்ணோடும் ஒப்பிடுவதற்கு முன் அவர் எந்த அளவை வைத்திருந்தார் என்று பாருங்கள்.

ஒரு மரபணுவையே காணோம், அல்லது நடுவில் நின்றுவிடுகிறது

காணாமற்போனது மரத்திலா, குறிப்பிலா (எந்த மரபணு எங்கே என்று எழுதிய பட்டியல்)? பழைய பதிவுகளைத் தரவுத்தளத்திலிருந்து இறக்கி நம் மாதிரியோடு அப்படியே ஒப்பிட்டால், ஒப்பிடப்படுவது இரு மரங்கள் அல்ல, இரு குறிப்பாளர்கள். இறக்கிய பதிவுகளையும் உங்கள் மாதிரிகளையும் ஒரே நிரலில், ஜீசெக் என்றால் ஜீசெக்கில், ஒரே மேற்கோளை (ஒப்பிட எடுத்துக்கொண்ட முந்தைய வளையம்) வைத்து மறுபடி குறிப்பெழுதுங்கள். காணாமற்போன மரபணுக்களில் பெரும்பாலானவை இந்த ஒரு படியிலேயே வீடு திரும்பிவிடும்.

திரும்பாதவற்றில் சில அடிக்கடி ஏமாற்றுபவை. ஆர்பிஎஸ்12 மூன்று துண்டாகச் சிதறிக் கிடக்கும், முதல் துண்டு பெரிய தனிப்பகுதியிலும் மற்றவை இரட்டைப்பகுதியிலும். நிரல் அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. என்டிஎச்டி பல செடிகளில் வழக்கமான ஏடிஜி இல்லாமல் ஏசிஜி என்று தொடங்கும், ஆர்.என்.ஏ. நிலையில் செடியே அதைத் திருத்திக்கொள்கிறது, எனவே தொடக்கம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஒய்சிஎஃப்1 எல்லையில் ஒரு காலை இரட்டைப்பகுதிக்குள் வைத்து நிற்பதால், அதன் அரைகுறைப் படி எதிர்ப்பக்க எல்லையிலும் தோன்றும். அதை இன்னொரு மரபணுவாக எண்ணக் கூடாது. எல்லைகள் நகர்ந்ததாகக் காட்டும் படங்களில் பாதி, இதன் நீளத்தை யார் எங்கே வெட்டினார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன.

மரபணு நடுவில் நிறுத்தக் குறியோடு முடிந்தால் அதற்குச் சற்று முன்னால் ஓர் ஏ-வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்கும். ஓர் எழுத்துத் தவறியதால் அதற்குப் பிறகு எல்லாமே பிறழ்ந்திருக்கும்.

வேறுபாடே இல்லை

இது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் பதற்றத்தோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் வருகிறார்கள். மேற்கோளை வைத்துக் கோத்திருந்தால் மட்டும் ஒரு சந்தேகம் உண்டு: துணுக்கு கிடைக்காத இடங்களை நிரல் மேற்கோளின் எழுத்தால் நிரப்பியிருக்கலாம். மேற்கோள் இல்லாமல் ஒருமுறை கோத்துப் பாருங்கள். அப்போதும் வேறுபாடு இல்லையென்றால், இல்லை.

பூக்கும் செடிகளில் பெரும்பாலானவற்றில் பசுங்கணிகம் தாய்வழி மட்டுமே வருகிறது. கிவிப்பழம் போல் தந்தைவழிக்காரர்களும் உண்டு, ஆனால் அவர்கள் நம் வெயிலுக்கு வரமாட்டார்கள். 1937இல் பதிவான பேராக்கின் டுரியான் வகை டி24, 1993இல் பதிவான மூசாங் கிங் டி197 ஆகிய இரண்டின் தாய்வழி எங்கோ ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பழத்தின் சுவையும் நிறமும் எவ்வளவு வேறுபட்டாலும் வளையம் ஒன்றாகவே இருக்கும். சுவையை எழுதும் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. மங்குஸ்தீன் இன்னும் ஒரு படி மேல்: அதன் விதை மகரந்தமே தேவையில்லாமல் தாயின் திசுவிலிருந்து உருவாகிறது. சாதாரண மங்குஸ்தீனுக்கும் நீள்வடிவ மெஸ்தாவுக்கும் இடையே மாற்றங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தால் ஏமாற்றம் அடையத் தேவையில்லை. கன்று விற்பவர் கொடுத்தது எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் உட்கருவின் நுண்தொடர்களுக்குப் போங்கள். வளையத்திடம் அதைக் கேட்பது ஆளைத் தெரிந்துகொள்ள அவருடைய ஊரை மட்டும் கேட்பதுபோல.

ஒரே வகை, இரண்டு மரம், இரண்டு விடை

மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் தாண்டிவந்த வேறுபாடு இது. இரண்டு மூசாங் கிங் மரங்கள். ஒன்று லிந்தாங் சாலையோரம் பெரியப்பாவின் டுசுனில் (பழத்தோட்டம்), மற்றது நண்பர் ஒருவருடைய நிலத்தில். இரண்டும் ஒட்டுக்கன்றுகள். முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள், ஒவ்வொன்றும் முழு ஆழத்தில், ஏ-வரிசைகளைக் கழித்த பிறகும். உறை மாறவில்லை. இரண்டு முறை இலையிலிருந்து எடுத்துப் படித்தும் அதே விடை.

பெரியப்பா தோட்டத்தில் பல ஆண்டுகள் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவர். பசுங்கணிகம் பற்றி அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை; இரண்டு மரமும் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"எந்தக் கிளையில் பறித்தாய், அம்மா?"

"கீழே இருந்த கிளையில்தான், பெரியப்பா. ஏணி கொண்டுபோகவில்லை."

மரத்தடிக்கு நடந்து, குந்தி உட்கார்ந்து, பாசியைக் கத்தி முனையால் வழித்தார். முழங்கால் உயரத்தில் தண்டு சற்றுப் புடைத்திருந்தது. புடைப்புக்கு மேலே பட்டை வழவழப்பு, கீழே சொரசொரப்பு. நான் இலை பறித்த கிளை புடைப்புக்கு நான்கு விரல் கீழேயிருந்து கிளம்பி, வளைந்து, மற்ற கிளைகளோடு கிளையாக மேலே போயிருந்தது.

"இது மூசாங் கிங் இல்லை. ஒட்டுக்குக் கீழே வருவதெல்லாம் வேரின் பிள்ளை."

அடிமரம் யாரோ எங்கோ எடுத்த காட்டு வித்து. நான் இரண்டு முறை சிரத்தையாகப் படித்தது அதன் வளையத்தை. ஒட்டின் குறுக்கே பசுங்கணிக மரபணுக்கள் போய்வரக் கூடும் என்று 2009இல் ரால்ஃப் பாக்கின் குழு புகையிலையில் காட்டியிருக்கிறது. ஆனால் அது இரு திசுக்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தோடு நின்றுவிடுகிறது, உச்சி இலை வரை வருவதில்லை. எனவே ஒட்டுமரத்தில் முதலில் தேடவேண்டியது இலையை அல்ல, புடைப்பை. கண்ணில் பட்டதும் அதைப் படமெடுத்து, அதற்கு மேலுள்ள கிளையில் சிவப்பு நூல் கட்டி, அந்தக் கிளையில் மட்டும் பறியுங்கள்.

அடுத்த வாரம் ஏணியோடு போய்ப் பறித்தேன். இரண்டு மூசாங் கிங்குக்கும் இடையே மாற்றம்: பூஜ்யம். அடிமரத்தின் வளையம் எந்தக் காட்டு டுரியானோடு சேர்கிறது என்று பார்க்க ஆசை வந்து, இன்னும் கொஞ்சம் இலைக்காக அந்தக் கீழ்க்கிளையைத் தேடினேன். நான் கிளம்பிய அன்றே பெரியப்பா அதை அடியோடு சீவி எறிந்துவிட்டார்.